களப்புச் சேறும் செவ்வாய் மண்ணும்

வெயில் ஏறிய மாதங்களில் புத்தளத்துப் பாலாவி உப்பளத்தின் பாத்திகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். களப்புத் தண்ணீர் முதலில் வந்து நிற்கும் பாத்திகளில் மங்கிய பச்சை. வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க, பாத்திக்குப் பாத்தி உவர்ப்பு ஏறி, பச்சை பழுப்பாகிறது. உப்பு விளையும் கடைசிப் பாத்திகளில் இளஞ்சிவப்பு படர்கிறது. பழகிய கண் நிறத்தைக் கொண்டே நீர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடும். உவர்ப்பு அளக்கும் கண்ணாடிக் குழாய் அதன் பிறகுதான்.

இந்த நிறங்கள் நுண்ணங்கிகளுடையவை. கடலைவிடப் பத்து மடங்கு உவர்ப்பேறிய நீரில் மீன் இல்லை, நண்டு இல்லை, நீர்ப்புல் இல்லை. ஆனால் ஒரு தேக்கரண்டி மொண்டால் கோடிக்கணக்கான உயிர்கள் அதில் இருக்கும். நல்ல தண்ணீரில் விட்டால் இவற்றின் உடல் வெடித்துக் கரைந்துவிடும். சிவப்பு நிறமி அவற்றைக் கடும் வெயிலிலிருந்து காக்கிறது. சிலவற்றில் இருக்கும் ஊதா நிறப் புரதம் வெயிலை நேரே சக்தியாக்குகிறது. 1971இல் அந்தப் புரதம் கண்டறியப்பட்ட பிறகுதான், பச்சையம் இல்லாமலும் ஒளியைக் கொண்டு வாழ வழியுண்டு என்று தெரிந்தது. சிவந்த நீர் வெயிலைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்வதால் சீக்கிரம் வற்றுகிறது. நம் வீட்டுச் சட்டியில் போடும் உப்பில் அவற்றின் உழைப்பும் இருக்கிறது.

இடைப்பட்ட பாத்திகளின் தரையில் ஒரு தோல் வளரும். நீர் வற்றிய ஓரங்களில் அது அப்பளம்போல் சுருண்டு கிடக்கும். ஈரமான இடத்தில் ஒரு துண்டைப் பெயர்த்துக் குறுக்காகக் கிள்ளிப் பார்த்தேன். நகத்தின் அகலம்கூட இல்லாத தடிப்பில் நாலு நிறம்: மேலே வெளிறிய பழுப்பு, அதன் கீழ் கரும்பச்சை, அதற்கும் கீழ் மெல்லிய ஊதா, அடியில் கருமை. கருமையை மூக்கருகே கொண்டுவந்தால் கூழ்முட்டை நாற்றம். மேலே இருப்பவை வெயிலில் உணவு சமைத்து ஒட்சிசனை விடுகின்றன. பச்சை பிடிக்காமல் விட்ட ஒளி கீழே இறங்கி ஊதா அடுக்குக்குப் போகிறது. அந்த ஊதாக்கள் தண்ணீருக்குப் பதிலாக, அடியிலிருந்து கசியும் ஐதரசன் சல்பைட்டைப் பயன்படுத்துகின்றன. அடியில் இருப்பவை மேலிருந்து செத்து விழுவதைத் தின்று, கடல்நீரின் சல்பேற்றைச் சுவாசித்து, அந்தச் சல்பைட்டை மேலே அனுப்புகின்றன. ஒன்றின் கழிவு அடுத்ததின் சாப்பாடு. வெளியிலிருந்து வருவது வெயில் மட்டும் என்றே சொல்லலாம்.

வேற்றுக் கோளில் மனிதர் குடியேறுவது பற்றி வாசிக்கும் போதெல்லாம் என் மனம் இந்தத் தோலில் வந்து நிற்கிறது. குடியேற்றம் என்ற பெரிய சொல்லுக்குள் இருக்கும் வேலை முழுவதும் இங்கே ஒரு நகத் தடிப்பில் நடந்துகொண்டிருக்கிறது.

*

செவ்வாயின் காற்றமுக்கம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் கொஞ்சக் காற்றிலும் 95 சதவீதம் காபனீரொட்சைட்டு. நைதரசன் 3 சதவீதத்துக்கும் கீழ். 2008இல் அதன் வடதுருவத்துக்கு அருகே இறங்கிய ஃபீனிக்ஸ் கலம் மண்ணைத் தண்ணீரில் கரைத்துச் சோதித்தபோது, பெர்குளோரேற்று என்னும் உப்பு ஏறத்தாழ அரைச் சதவீதம் இருந்தது. நம் தைரொயிட்டுச் சுரப்பிக்கு அது ஆகாது. செவ்வாயில் தடையின்றி விழும் புறஊதாக் கதிர் பட்டால் அந்த உப்பு பற்றீரியாக்களையும் கொல்லும் என்று 2017இல் எடின்பரோவில் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இதே உப்பைச் சுவாசிக்கிற பற்றீரியாக்களும் பூமியில் உண்டு. அவை பெர்குளோரேற்றைப் படிப்படியாக உடைத்துச் சாதாரணக் குளோரைட்டாக்குகின்றன. அந்த வழியில் ஒரு படியில் ஒட்சிசன் பிறக்கிறது. நஞ்சை எடுத்து மூச்சாக்கும் அந்த வேலைக்கு வேண்டிய நொதியம் செவ்வாய்க்காக உண்டானதல்ல. பூமியின் சேற்றிலும் கழிவுநீரிலும் அது ஏற்கெனவே இருந்தது.

உப்பளத்துச் சிவப்பு உயிர்களின் உறவினர் சிலர் விண்வெளிக்கும் போய் வந்திருக்கிறார்கள். உப்புப் படிகத்துக்குள் அடைபட்டு வாழ்ந்தவற்றை 1990களில் விண்கலத்தின் வெளிப்புறத்தில் பூட்டி அனுப்பினார்கள். இரண்டு வாரம் வெற்றிடத்தில் கிடந்துவிட்டுத் திரும்பியபோது, கதிர் நேரே படாமல் மறைந்திருந்தவற்றில் ஒரு பகுதி உயிரோடிருந்தது. பாலைவனப் பாறைகளுக்குள் வாழும் குரூகொக்கிடியோப்சிஸ் என்ற சயனோபற்றீரியாவைக் காய வைத்து, 2014 முதல் 2016 வரை சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே வைத்தார்கள். அதுவும் பிழைத்தது.

இந்தச் செய்திகள் எனக்கு மகிழ்ச்சி தருகின்றன. ஆனாலும் ஓர் இடத்தில் மனம் தயங்குகிறது. காய்ந்து, சுருங்கி, எதையும் தின்னாமல், எதையும் கழிக்காமல் நாளைக் கடத்துவது குடியிருப்பு ஆகாது. பாலாவியின் தோலில் நான் பார்த்தது வேறு. அங்கே கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. செவ்வாய்க்கு எந்த உயிர் தாங்கும் என்று எல்லாரும் தேடுகிறார்கள். எந்தக் கூட்டம் அங்கே ஒன்றுக்கொன்று சோறு போட்டுக்கொண்டு இருக்கும் என்ற கேள்விக்கு அதில் பாதி அக்கறைகூடக் கிடைப்பதில்லை.

*

கற்பிட்டித் தீபகற்பம் மணலால் ஆனது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. மாரி மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் சவர்த் தண்ணீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அதை நம்பித்தான் கிணறுகள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் வந்து தங்கியது இந்தப் புத்தளம் மாவட்டத்தில். மன்னார்ப் பக்கத்திலிருந்து படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள் பலர். முதலில் கிடுகுக் கொட்டில், பிறகு மண் சுவர், பிறகு ஒரு துண்டுத் தோட்டம்.

குடியேற்றம் என்ற சொல்லைச் செவ்வாய்க்குப் பயன்படுத்தும்போது எனக்கு இந்த முகங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. விரும்பிப் போகிறவன் வேறு, விரட்டப்பட்டு வருகிறவன் வேறு என்பது தெரியும். ஆனால் இறங்கிய இடத்தில் மண் இல்லை என்பது இருவருக்கும் பொது.

ஏத்தாளைப் பக்கம் ஒரு தோட்டக்காரர், அப்படி வந்தவர்களில் ஒருவர், எனக்கு மண்ணைக் கையில் அள்ளிக் காட்டினார். ஒரு கையில் வேலிக்கு வெளியே இருந்த மணல். விரலிடுக்கில் வழிந்து போயிற்று. மறுகையில் பாத்திக்குள் இருந்தது. கறுத்து, ஈரம் பிடித்து, பிடித்த பிடியில் நின்றது.

“இது எத்தனை வருசத்து மண் நானா?” என்று கேட்டேன்.

“மாட்டெருவும் இலை குழையும் போட்டு, பொச்சுமட்டை தாட்டு, முப்பது வருசம் தம்பி. மணல் இன்னும் கீழ போட்டதக் குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு. நிப்பாட்டினா ரெண்டு மாரியில பழைய மணலாப் போயிரும்.”

அவர் சொன்னதில் பெரிய விஞ்ஞானம் இருக்கிறது. எருவும் குழையும் தாமாக மண்ணாவதில்லை. அவற்றைத் தின்னும் பற்றீரியாவும் பூஞ்சையும் சுரக்கும் பசைதான் மணல் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. அவை உணவுக்குக் காத்திருக்கும் கூட்டம். உணவு நின்றால் கலைந்து போகும், பசையும் கரையும்.

அவர் தோட்டத்தின் ஓரத்தில் கச்சான் போட்டிருந்தார். ஒரு செடியைப் பிடுங்கி, வேரை வாளித் தண்ணீரில் அலசினேன். வேரெல்லாம் மணி மணியாகச் சிறு முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு, நம் இரத்தத்தின் நிறத்துக்கு உறவான நிறம். காற்றின் நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் பற்றீரியா அந்த முடிச்சுக்குள் இருக்கிறது. அதன் நொதியத்தை ஒட்சிசன் கெடுத்துவிடும். ஆகவே செடி, இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் போன்ற ஒரு சிவப்புப் புரதத்தைச் செய்து, ஒட்சிசனை அளந்து அளந்து உள்ளே விடுகிறது. விருந்தாளிக்காக வீட்டுக்காரர் மூச்சுக்காற்றையே அளந்து கொடுக்கிறார். இத்தனை நுணுக்கம் ஒரு கச்சான் வேரில்.

எல்லாத் தோட்டங்களும் இப்படி நடப்பதில்லை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் யூரியாவை அள்ளிப் போட்டுத் தினமும் நீர் இறைத்தால், மணலில் பயிர் நன்றாகவே வரும். பயிர் எடுத்தது போக மிச்சத்தை மண்ணில் உள்ள பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக்குகின்றன. பிடித்து வைக்க மண் இல்லாததால் அது நேரே கிணற்றுக்கு இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதைத் தாண்டிய கிணறுகள் கற்பிட்டியில் பல இருப்பதை ஆய்வுகள் ஆண்டாண்டாகச் சொல்லி வருகின்றன. அந்தத் தண்ணீரில் மா கரைத்துக் கொடுக்கும் பச்சைக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கலாம். இங்கே நுண்ணங்கிகளின் வளையத்தில் ஒரு கண்ணி மட்டும் வேலை செய்கிறது; அதற்கு அடுத்த கண்ணி இல்லை. பாதி வளையம் நஞ்சு.

*

1991 செப்டெம்பரில் அமெரிக்காவின் அரிசோனாவில் எட்டுப் பேர் ஒரு பெரிய கண்ணாடி வீட்டுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். பெயர் பயோஸ்பியர் 2. ஒன்றேகால் ஹெக்டயர் பரப்பில் ஒரு சிறு காடு, ஒரு சிறு கடல், கண்டல் சேறு, வயல், ஆடு, கோழி. இரண்டு ஆண்டுகள் வெளியுலகத்திலிருந்து எதையும் வாங்காமல் வாழ்ந்து காட்டுவது நோக்கம். வேற்றுக் கோளில் வாழ்வதற்கு அது ஒத்திகை.

பதினாறு மாதத்தில் உள்ளே ஒட்சிசன் 20.9 சதவீதத்திலிருந்து 14.5க்கு அருகில் இறங்கியது. உயர்ந்த மலையில் வாழ்கிறவர்போல் எட்டுப் பேரும் மூச்சு வாங்கினார்கள். கடைசியில் வெளியிலிருந்து ஒட்சிசன் ஏற்றவேண்டி வந்தது. அதை எடுத்துக்கொண்டது மண். பயிர் செழிக்கவேண்டும் என்று எருவும் மக்கலும் நிறைந்த மண்ணை நிரப்பியிருந்தார்கள். அதில் இருந்த நுண்ணங்கிகள் அந்த விருந்தைத் தின்று, செடிகள் ஒட்சிசனை விட்டதைவிட வேகமாக அதைச் சுவாசித்தன.

ஆனால் கணக்கு அங்கே நேராகவில்லை. போன ஒட்சிசனுக்கு ஈடாக அத்தனை காபனீரொட்சைட்டு காற்றில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ஆய்வாளர்கள் ஜெஃப் செவரிங்ஹவுசும் வாலி புரோக்கரும் தேடிப் பார்த்து அதைச் சுவரில் கண்டுபிடித்தார்கள். பூசப்படாத கொங்கிரீட் காபனீரொட்சைட்டைக் குடித்து, தனக்குள் சுண்ணாம்புக் கல்லாக்கி வைத்திருந்தது.

இதை வாசித்தபோது நான் அறுவக்காட்டை நினைத்தேன். வண்ணாத்திவில்லுக்கு அப்பால் இருக்கும் அந்தச் சுண்ணக்கல், மயோசீன் காலத்துக் கடலுயிர்கள் தங்கள் ஓடுகளில் கட்டி வைத்த காபன். அதை வெட்டி வந்து புத்தளம் ஆலையில் சுட்டு சீமெந்தாக்கும்போது, கோடி ஆண்டு அடைபட்டிருந்த காபனீரொட்சைட்டு காற்றுக்குப் போகிறது. அந்தச் சீமெந்தால் கட்டிய சுவர் போனதில் ஒரு பங்கை மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. நம் வீட்டுச் சுவரும் சுவாசிக்கிறது. பூமி பெரிதாக இருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை. அடைத்த வீட்டில் எட்டுப் பேரின் நெஞ்சில் தெரிந்தது.

ஐரோப்பிய விண்வெளி முகமை 1989இல் மெலிஸா என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் முன்மாதிரி ஆலை பார்சிலோனாவில் இருக்கிறது. ஏரி ஒன்றில் கழிவு எப்படிப் படிப்படியாக உணவாகிறதோ அதைக் கலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் கலத்தில் ஒட்சிசன் இல்லாமல் வெப்பத்தில் வாழும் பற்றீரியாக்கள் மலத்தையும் செடிக் கழிவையும் உடைக்கின்றன. அடுத்ததில் ஒளியைப் பயன்படுத்தும் பற்றீரியாக்கள் அதில் வந்த அமிலங்களைத் தின்கின்றன. மூன்றாவதில் நைத்ரோசோமோனாசும் நைத்ரோபக்டரும் அமோனியாவை நைத்திரேற்றாக்குகின்றன. கடைசியில் ஸ்பிருலினாவும் செடிகளும் அதைக் கொண்டு உணவும் ஒட்சிசனும் தருகின்றன. தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் வளையத்தை இன்னும் பொறுமையாகக் கோத்துக்கொண்டிருக்கிறார்கள். விண்வெளி நிலையத்தில் தண்ணீரில் 98 சதவீதத்தை மீட்டெடுக்கும் நிலையை 2023இல் இயந்திரங்களைக் கொண்டே எட்டிவிட்டார்கள். உணவு மட்டும் இன்றும் பூமியிலிருந்துதான் போகிறது. கழிவு, சரக்குக் கலத்தில் ஏற்றப்பட்டு வளிமண்டலத்தில் எரிகிறது. அங்கே இருப்பது பாசறை. வீடாவதற்கு, கழிவைத் திருப்பிச் சோறாக்கும் அந்தக் கூட்டம் குடிவரவேண்டும்.

அந்த மூன்றாம் கலத்தின் வேலையைத்தான் ஏத்தாளைப் பாத்திகளும் செய்கின்றன. மெலிஸாவில் அதற்குப் பின்னால் ஒரு கலம் காத்திருக்கிறது. கற்பிட்டி மணலில் பின்னால் இருப்பது கிணறு.

*

சிலாபத்திலிருந்து புத்தளம் வரை களப்போரமாகப் போனால் கைவிடப்பட்ட இறால் குளங்கள். 1980களில் இங்கே இறால் வளர்ப்புப் பெருகியபோது கண்டல் காடுகளை வெட்டிக் குளம் தோண்டினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. அது ஒரு வைரசு. நோய் பிடித்த குளத்தில் இறால் சில நாளுக்குள் கூட்டம் கூட்டமாகச் சாகும். இந்தக் கரையின் பல பண்ணைகள் ஒல்லாந்தர் கால்வாயையும் அதைத் தொட்ட களப்புகளையும் நம்பியவை. ஒருவர் கழித்த தண்ணீரை அடுத்தவர் இறைத்தார். நோய் அந்த வழியாகவே போயிற்று. இப்போது எந்தப் பகுதி எந்த மாதத்தில் குஞ்சு விடலாம் என்று பயிர்க் காலண்டர் வைத்து, முறை போட்டு வளர்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அடுத்தவன் குளத்து உயிரும் என் குளத்து உயிர்தான் என்பதை ஒரு முழுக் கரையும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு.

தேர்ந்த இறால்காரர் புதுத் தண்ணீரில் குஞ்சு விடமாட்டார். சுண்ணாம்பு போட்டு, கொஞ்சம் பசளை போட்டு, தண்ணீர் நிறம் பிடிக்கும்வரை காத்திருப்பார். அல்காவும் பற்றீரியாவும் முதலில் குடியேறவேண்டும். இறால் அதற்குப் பிறகு. நிறம் திடீரென்று தெளிந்துவிட்டால் அவருக்குத் தூக்கம் போய்விடும். அல்கா செத்து அடியில் இறங்கி, இரவோடிரவாக ஒட்சிசன் தீர்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். விடிய விடியக் காற்றூட்டும் சக்கரம் ஓடும். செவ்வாயில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் பயிர் வைக்கப்போகிறவர்களுக்கு இந்தக் கரையில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கைவிடப்பட்ட குளங்களின் கதை வேறு. கண்டல் சேற்றில் சல்பேற்றைச் சுவாசிக்கும் பற்றீரியாக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விட்ட சல்பைட்டு, இரும்போடு சேர்ந்து பைரைட்டு என்ற கனிமமாக அடியில் உறங்குகிறது. நீருக்குக் கீழ் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. குளம் தோண்டி அந்தச் சேற்றை வரம்பாக அள்ளிப் போட்டால் காற்றுப் படுகிறது. வேறு பற்றீரியாக்கள் வந்து அந்தப் பைரைட்டைத் தின்று கந்தக அமிலமாக்குகின்றன. வரம்பில் துருச் சிவப்பு வடிகிறது. மழை பெய்தால் அமிலம் குளத்துக்குள் இறங்கும். புல்லும் முளைக்காது. ஒரே சேறு, ஒரே மூலகங்கள். காற்று உள்ளே வந்ததும் கூட்டம் மாறுகிறது, கட்டிக் காத்தது கொல்வதாகிறது.

அப்படிப்பட்ட அமிலச் சேற்றில் வெளிறிய மஞ்சள் கறையாகப் படியும் கனிமத்துக்கு ஜரோசைட்டு என்று பெயர். 2004இல் ஒப்பர்ச்சுனிட்டி ஊர்தி செவ்வாயின் மெரிடியானிச் சமவெளியில் கண்டதும் இதைத்தான். அமிலத் தண்ணீர் ஒருகாலத்தில் அங்கே இருந்ததற்கு அது சாட்சியானது. குஜராத்தின் கட்ச் பகுதியில் மாதானோமத் என்ற இடத்தில் இதே கனிமம் இருப்பதால் இந்திய விஞ்ஞானிகள் அங்கே போய்ச் செவ்வாயைப் படிக்கிறார்கள். செவ்வாயில் ஜரோசைட்டு நீர் போனதைச் சொல்லுகிறது. இங்கே மனிதன் காற்றை உள்ளே விட்டதைச் சொல்லுகிறது.

*

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இருக்கிறது. வெள்ளாறும் கடலும் கலக்கும் இடம். பிச்சாவரம் கண்டல் காடு பக்கத்தில். நம் களப்புக்கு அக்கரைச் சொந்தம் என்று சொல்லலாம். அந்தப் பல்கலைக்கழகத்தில் கடல் நுண்ணுயிரியல் படித்த கஸ்தூரி வெங்கடேஸ்வரன், நாசாவின் ஜெட் உந்து ஆய்வகத்தில் விண்கலங்களில் எந்த நுண்ணங்கி ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டார். விண்வெளி நிலையத்தின் காற்று வடிகட்டியில் கிடைத்த ஒரு புதிய பற்றீரியாவுக்கு அவரும் குழுவினரும் 2017இல் அப்துல் கலாமின் பெயரை வைத்தார்கள்: சோலிபசில்லஸ் கலாமி. 2021இல் இன்னொன்று. செடியின் இலையிலும் வேரிலும் வாழும் குலத்தைச் சேர்ந்தது. நிலையத்தில் எடுத்த மாதிரிகளில் கிடைத்தது. அதற்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பல்லுயிரியல் அறிஞர் அஜ்மல் கானின் பெயர்: மெத்திலோபக்டீரியம் அஜ்மலி. அதன் மரபணுக்களில் செடி வளர உதவும் திறனுக்கு அடையாளம் இருப்பதால், விண்வெளியில் பயிர் வளர்க்க அது துணையாகலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

சேற்றையும் நண்டையும் படிக்கும் ஒரு கடற்கரை ஊரின் அறிஞர் பெயர் அங்கே போனதில் எனக்கு நிறைவு. ஆனால் அந்தப் பற்றீரியாக்களை அங்கே யாரும் அனுப்பவில்லை என்பதை மறக்கக்கூடாது. அவை மனிதரோடும் சரக்கோடும் போனவை. ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் இருப்பதாக 2016இல் ஒரு கணக்கு வந்தது. செவ்வாயில் முதல் ஆள் கால் வைக்கும்போது அத்தனையும் இறங்கும். நுண்ணங்கிகளைக் கூட்டிப் போவதா என்ற கேள்விக்கே இடமில்லை. எந்தக் கூட்டத்தை, எந்த ஒழுங்கில் என்பதுதான் கேள்வி.

பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்து அலோக் குமாரும் அவருடைய குழுவினரும், நிலவின் மண்ணைப்போலச் செய்த பொடியில் ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி என்ற பற்றீரியாவையும் யூரியாவையும் கொத்தவரைப் பிசினையும் சேர்த்து 2020இல் கல் வார்த்தார்கள். யூரியாவை உடைக்கும் அந்தப் பற்றீரியா சுண்ணாம்பைப் படிய வைத்துத் துகள்களை ஒட்டுகிறது. பிறகு செவ்வாய் மண் போன்றதிலும் செய்தார்கள். சூளை வேண்டாம். யூரியா மனிதனின் சிறுநீரிலிருந்தே வரலாம். அறுவக்காட்டில் கடலுயிர்கள் கோடி ஆண்டுகளில் செய்ததை ஓர் அச்சுக்குள் சில நாளில் செய்ய வைக்கிறார்கள்.

*

போகலாமா என்பது தனிக் கேள்வி. 1967இன் விண்வெளி ஒப்பந்தம், வேற்றுக் கோள்களுக்குக் கேடான கலப்பைத் தவிர்க்கச் சொல்லுகிறது. 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களை ஏவுமுன் 111 பாகை வெப்பத்தில் ஒரு நாளுக்கும் மேலாக வைத்து எடுத்தார்கள். அவ்வளவு கவனம். மனிதன் போனால் அந்தக் கவனத்துக்கு இடமே இருக்காது. நம்மை அப்படிச் சுட்டு எடுக்க முடியாது.

காலியில் 1923இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, பிறகு இரசாயனவியலுக்கு வந்தவர் சிறில் பொன்னம்பெரும. உயிர் எப்படித் தோன்றியிருக்கும் என்று நாசாவில் ஆராய்ந்தார். அவுஸ்திரேலியாவில் மேர்ச்சிசனில் 1969இல் விழுந்த விண்கல்லில் பூமிக்குச் சொந்தமில்லாத அமினோ அமிலங்கள் இருப்பதை அவர் குழு 1970இல் காட்டியது. பிற்காலத்தில் கண்டியில் அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்தார். உயிரின் மூலப்பொருட்கள் அண்டத்தில் பொதுவானவை என்றால், செவ்வாயின் நிலத்தடியில் எங்கோ ஓர் ஈரத்தில் அதன் சொந்தக் கூட்டம் இருக்க இடமுண்டு. அதைத் தேடி முடிக்குமுன் நம் கூட்டத்தை அங்கே கொட்டுவது எனக்கு உடன்பாடில்லை. வந்தவர்களால் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை இந்தத் தீவில் வாழ்கிறவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

*

சிலாபத்துக்கு வடக்கே ஆனைவிழுந்தான் சரணாலயம். 2001இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். அதற்குள்ளும் இறால் குளங்கள் வெட்டப்பட்டுக் கைவிடப்பட்டன. அண்மை ஆண்டுகளில் அந்தக் குளங்களைத் திரும்பக் கண்டலாக்கும் வேலை நடக்கிறது. இலங்கையின் கண்டல் மீட்பை ஐக்கிய நாடுகள் 2024இல் உலகின் முன்னோடி முயற்சிகளில் ஒன்றாக அறிவித்தது.

அதற்கு முன்னால் ஒரு பெரிய தோல்வி இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெங்கும் ஆயிரம் ஹெக்டயருக்கு மேல் கண்டல் நாற்றை நட்டார்கள். ஐந்தில் ஒரு பங்களவே நிலைத்தது. தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும், எவ்வளவு உவர்ப்பு, சேறு எப்படி என்று பாராமல், எளிதில் கிடைத்த நாற்றைச் சேற்றில் குத்திவிட்டுப் போனார்கள். ஆனைவிழுந்தானில் ஒழுங்கை மாற்றினார்கள். முதலில் குளத்து வரம்பை வெட்டி, வற்றுப்பெருக்கு உள்ளே வந்து போக வழி விட்டார்கள். நீர் அமிலத்தைக் கழுவும். சேறு மூடப்படும், காற்றில் வாழ்ந்த கூட்டம் ஒதுங்கி, சல்பேற்றைச் சுவாசிக்கும் பழைய கூட்டம் திரும்பும். கண்டல் விதை தண்ணீரில் மிதந்து வந்து தனக்கு ஒத்த உயரத்தில் ஊன்றும். நடுவது, வராத இடத்தில் மட்டும்.

ஒரு கோளை வாழத்தக்கதாக்குவது பற்றித் திட்டம் தீட்டுகிறவர்கள் ஆனைவிழுந்தானுக்கு வந்து அந்த வரம்பில் ஒரு மாரி முழுவதும் தங்கவேண்டும் என்பது என் ஆசை. வரம்பை ஏன் அந்த இடத்தில் வெட்டினீர்கள், தண்ணீரின் அமிலம் இறங்க எத்தனை மழை வேண்டியிருந்தது, சிவந்த சேறு எந்த ஆழத்திலிருந்து மறுபடி கறுக்கத் தொடங்கியது, முதல் நண்டு எப்போது வளை தோண்டியது என்று அவர்கள் அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்கவேண்டும்.